புரோட்டீன் சிக்கு இன்னொரு வேலை உண்டு

2011 அக்டோபர் 25 அன்று எலி லில்லி நிறுவனம் ஜைக்ரிஸ் என்ற மருந்தை உலகச் சந்தையிலிருந்து திரும்பப் பெற்றுக்கொண்டது. கடுமையான செப்சிஸுக்கென்றே அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு அனுமதி தந்திருந்த ஒரே மருந்து அது. அன்றிலிருந்து மருத்துவ வகுப்புகளில் அந்தப் பெயர் எழுந்தாலே ஏமாந்த கதையாகத்தான் எழுகிறது. பெரிய எதிர்பார்ப்பு, பெரிய விலை, கடைசியில் பலன் இல்லை என்று ஒரே மூச்சில் சொல்லி முடித்துவிடுகிறார்கள். ரத்த உறைவு ஆய்வகத்தில் வேலை பார்க்கும் எனக்கு இதில் ஆறாத மனக்குறை உண்டு.

தோற்றது அந்த மருந்து. அதற்கு மூலமான புரோட்டீன் சி என்ற புரதம், இதைப் படிக்கும் ஒவ்வொருவரின் ரத்தத்திலும் இந்த நிமிடம் ஓடிக்கொண்டிருக்கிறது. ஒரு மில்லிலிட்டர் பிளாஸ்மாவில் சுமார் 4 மைக்ரோகிராம் இருக்கும். ரத்தக் குழாய்களின் உட்படலத்தை அது எப்படிக் காக்கிறது என்ற கேள்விக்கு உருப்படியான பதில்கள் கிடைக்கத் தொடங்கியதே மருந்து விற்பனைக்கு வந்த பிறகுதான். சில முக்கியமான பதில்கள் அது கடையை விட்டுப் போன பிறகு வந்தன. இதைத்தான் விரிவாகச் சொல்ல விரும்புகிறேன்.

முதலில் நோய். கிருமித் தொற்றை எதிர்க்கக் கிளம்பும் உடல், கட்டுமீறிப்போய்த் தன் உறுப்புகளையே கெடுத்துக்கொள்வதுதான் செப்சிஸ். நிமோனியாவில் தொடங்கலாம், சிறுநீர்த் தொற்றில் தொடங்கலாம், பிரசவத்துக்குப் பிந்தைய காய்ச்சலில் தொடங்கலாம். 2017ஆம் ஆண்டில் மட்டும் உலகில் சுமார் 4.89 கோடிப் பேருக்கு இது வந்தது என்றும், 1.1 கோடிப் பேர் இறந்தார்கள் என்றும் 2020இல் வெளியான கணக்கு சொல்கிறது. 'கடுமையான செப்சிஸ்' என்ற தனிப்பிரிவை 2016இல் வகுத்த புதிய வரையறை கைவிட்டுவிட்டது. உறுப்பு கெட்டால்தான் அது செப்சிஸ், ஆகவே எல்லாமே கடுமையானதுதான் என்பது அதன் நியாயம். நான் சொல்லப்போகும் ஆய்வுகள் பெரும்பாலும் பழைய பெயரில் நடந்தவை என்பதால் அதையே பயன்படுத்துகிறேன்.

எங்கள் ஆய்வகத்தை ஒட்டியே ரத்த வங்கி இருக்கிறது. பிளாஸ்மா பை வாங்க வந்து நிற்கும் உறவினர்கள் சில நேரம் எங்கள் ஜன்னலுக்கும் வந்துவிடுவார்கள். தீவிர சிகிச்சைப் பிரிவில் அக்காவைச் சேர்த்திருந்த ஓர் இளைஞர் ஒருநாள் கேட்டார்: "மேடம், உள்ளே டாக்டர் ரத்தம் உறைகிறது என்கிறார். நீங்கள் உறையவில்லை, பிளாஸ்மா ஏற்ற வேண்டும் என்கிறீர்கள். இரண்டில் எது உண்மை?"

"இரண்டும் உண்மைதான் தம்பி. இப்படி உட்காருங்கள், சொல்கிறேன்" என்றேன்.

அவர் கேட்டது சரியான கேள்வி. நீல மூடி போட்ட சிறு குழாயில் ரத்தம் எங்களிடம் வரும். அதில் முன்கூட்டியே சிட்ரேட் கரைசல் இருக்கும். 9 பங்கு ரத்தத்துக்கு 1 பங்கு. சிட்ரேட் கால்சியத்தைப் பிடித்து வைத்துக்கொள்வதால் ரத்தம் உறையாது. அதைச் சுழற்றினால் சிவப்பணுக்கள் அடியில் தங்கி, வைக்கோல் நிறத்தில் பிளாஸ்மா மேலே தெளியும். அந்தப் பிளாஸ்மாவோடு கால்சியமும் உறைவைத் தூண்டும் பொருளும் சேர்த்து நொடிகளை எண்ணுகிறோம். நலமாக இருப்பவருக்குப் பன்னிரண்டு நொடியை ஒட்டி உறைவின் வலையைப் பின்னும் ஃபைப்ரின் இழை பிடித்துவிடும். செப்சிஸ் முற்றியவரின் பிளாஸ்மா 20 நொடி தாண்டியும் தண்ணீராகவே நிற்கும். அதே குழாயில் டி-டைமர் பார்த்தால் எக்கச்சக்கமாக ஏறியிருக்கும். உடலுக்குள் ஏற்கெனவே உறைவு ஏற்பட்டு, உடைந்துகொண்டிருக்கிறது என்பதற்கு அதுதான் தடயம். நுண்குழாய்களில் ஆயிரமாயிரம் குறு உறைவுகள் உருவாகி, உறைவுக் காரணிகளையும் தட்டணுக்களையும் தின்று தீர்த்துவிட்டன. ஊசி குத்திய இடத்தில் கசியும் ரத்தத்தை நிறுத்தச் சரக்கு மிச்சமில்லை.

இவ்வளவுக்கும் நடுவில் இருப்பது ரத்தக் குழாயின் உட்படலம். ஒற்றை அடுக்குச் செல்கள்தான். ஆனால் பெருந்தமனியிலிருந்து ஒரு முடியின் குறுக்களவில் பத்தில் ஒரு பங்குகூட இல்லாத தந்துகிகள் வரை எல்லாவற்றையும் உள்ளே போர்த்தியிருப்பது அந்த அடுக்கு. விரித்துப் போட்டால் ஆயிரக்கணக்கான சதுர மீட்டர் வரும். நீரை எங்கே விடுவது, வெள்ளணுவை எங்கே இறக்குவது, ரத்தத்தை எங்கே உறைய வைப்பது என்பதையெல்லாம் அது நொடிக்கு நொடி தீர்மானிக்கிறது. இதயம், சிறுநீரகம்போல இதையும் ஓர் உறுப்பு என்றே சொல்ல வேண்டும் என்பது என் கருத்து. இந்த வரப்பு உடைந்தால் என்ன ஆகும் என்பது டெங்கு கண்ட குடும்பங்களுக்குத் தெரியும். நீர் ரத்தக் குழாயை விட்டு வெளியேறி நுரையீரலைச் சுற்றியும் வயிற்றிலும் தேங்க, ரத்த அழுத்தம் சரியும். செப்சிஸிலும் படலம் கசிகிறது. கூடவே அதன் மேற்பரப்பு உறைவைத் தூண்டும் பரப்பாக மாறிப்போகிறது.

புரோட்டீன் சியை 1976இல் மாட்டின் பிளாஸ்மாவிலிருந்து பிரித்தெடுத்தவர் ஸ்வீடனின் யோகன் ஸ்டென்ஃப்ளோ. பிரித்தெடுக்கும் குழாயிலிருந்து மூன்றாவதாக இறங்கிய பகுதியில் கிடைத்ததால் அதற்கு 'சி' என்ற எழுத்து. வைட்டமின் கே இருந்தால்தான் கல்லீரலால் இதைச் சரியாக உருவாக்க முடியும். அதன் வேலை என்ன என்பது அப்போது தெளிவாகவில்லை. ரத்தத்தில் அது உறங்கும் நிலையில்தான் சுற்றுகிறது. யாராவது ஒரு துண்டை வெட்டி எழுப்பிவிட வேண்டும். ரத்தத்தை உறைய வைக்கும் நொதியான திராம்பின் வெட்டும் என்று தெரிந்திருந்தது, ஆனால் சோதனைக்குழாயில் அந்த வேலை ஆமை வேகத்தில்தான் நடந்தது. 1981இல் அமெரிக்காவில் சார்லஸ் எஸ்மானும் வைட் ஓவனும் உடலிலிருந்து பிரித்தெடுத்த ஓர் இதயத்தின் ரத்தக் குழாய்கள் வழியாகத் திராம்பினையும் புரோட்டீன் சியையும் சேர்த்துச் செலுத்திப் பார்த்தார்கள். மறுபக்கம் வெளிவந்தபோது வேகம் பல ஆயிரம் மடங்கு கூடியிருந்தது. குழாயின் சுவரில் ஏதோ இருக்கிறது என்பதற்கு இதைவிட அழகான சான்று எனக்குத் தெரியாது. அந்த ஏதோதான் திராம்போமாடுலின், உட்படலச் செல்களின் மேல் நிற்கும் புரதம்.

திராம்பின் தனியாகத் திரியும்போது ஃபைப்ரினோஜனை வெட்டி ஃபைப்ரின் இழைகளாக்கும், தட்டணுக்களைக் கிளப்பிவிடும். திராம்போமாடுலினிடம் மாட்டிக்கொண்டால் அந்த வேலைகள் நின்றுவிடும்; புரோட்டீன் சியை எழுப்பும் வேலையை மட்டும் மும்முரமாகச் செய்யும். பக்கத்திலேயே ஏற்பி என்ற வகையைச் சேர்ந்த இன்னொரு பிடிப்புப் புரதம் புரோட்டீன் சியைப் பிடித்து வாகாக நிறுத்திக்கொடுக்கிறது. எஸ்மானின் கூடம் 1994இல் அதையும் கண்டுபிடித்தது. எழுப்பப்பட்ட புரதத்தை ஏ.பி.சி. (ஆக்டிவேட்டட் புரோட்டீன் சி) என்பார்கள். அது புரோட்டீன் எஸ் என்ற துணையோடு, உறைவுத் தொடரின் ஐந்தாம், எட்டாம் காரணிகளைத் துண்டாக்கி, புதுத் திராம்பின் உருவாவதைத் தணிக்கிறது.

இந்த ஏற்பாடு இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதை இரண்டு விஷயங்கள் காட்டுகின்றன. பெற்றோர் இருவரிடமிருந்தும் பழுதான மரபணு வந்து, புரோட்டீன் சியே இல்லாமல் பிறக்கும் குழந்தைக்குச் சில நாட்களுக்குள் தோல் கருஊதா நிறத்தில் திட்டுத் திட்டாக மரித்துப்போகத் தொடங்கும். இன்னொன்று நம் ஊர் இதய நோயாளிகள் பலர் அறிந்த மாத்திரைகளைப் பற்றியது. செயற்கை வால்வு வைத்தவர்கள் சாப்பிடும் வார்ஃபரின், அசிட்ரோம் வகைகள் வைட்டமின் கேயின் வேலையைத் தடுப்பவை. முதலில் தீர்ந்துபோவனவற்றில் ஒன்று, அரை ஆயுள் சில மணி நேரமே உள்ள புரோட்டீன் சி. உறைய வைக்கும் புரோத்திராம்பின் குறைய நாட்கள் ஆகும். அந்த இடைவெளியில் அபூர்வமாகச் சிலருக்குத் தோலடிக் குழாய்கள் அடைத்துச் சதை அழுகுவதுண்டு. தொடக்கத்தில் உடனே வேலை செய்யும் உறைவெதிர்ப்பியான ஹெபாரினும் சேர்த்துக் கொடுப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

செப்சிஸில் நடப்பது இதைவிட மோசம். புரோட்டீன் சி செலவாகிக் குறைகிறது; கல்லீரல் ஈடுகொடுக்கவில்லை. அதோடு நிற்காமல், அதை எழுப்பும் திராம்போமாடுலினே படலத்திலிருந்து காணாமல் போகிறது. அழற்சியின் தூதுப் புரதங்கள் அதன் உற்பத்தியை நிறுத்துகின்றன, வெள்ளணுக்கள் உமிழும் நொதி இருப்பதையும் அறுத்துவிடுகிறது. மெனிஞ்சோகாக்கஸ் கிருமியால் உடலெங்கும் ஊதாத் திட்டுகள் படர்ந்த குழந்தைகளின் தோலை மிக நுண்ணிய அளவில் எடுத்துப் பார்த்த ஆய்வு 2001இல் வெளியானது. அவர்களின் குழாய்ச் சுவரில் திராம்போமாடுலினும் குறைந்திருந்தது, அந்த இரண்டாவது ஏற்பியும் குறைந்திருந்தது. உறங்கும் நிலையிலுள்ள புரோட்டீன் சியை ஏற்றிய இரண்டு குழந்தைகளின் ரத்தத்தில் எழுந்த வடிவம் உயரவே இல்லை. எழுப்ப ஆள் இல்லாத இடத்தில் எவ்வளவு ஊற்றி என்ன? எழுப்பிய வடிவத்தையே நேராகக் கொடுத்தால் என்ன என்ற யோசனைக்கு இதைவிட வலுவான காரணம் வேண்டியதில்லை.

அந்த யோசனை அதற்கு முன்பே விலங்குகளில் பலித்திருந்தது. ஃப்ளெட்சர் டெய்லரும் எஸ்மானும் 1987இல் வெளியிட்ட ஆய்வில், சாகடிக்கும் அளவு ஈ.கோலை கிருமி செலுத்திய பபூன் குரங்குகள் ஏ.பி.சி. கொடுத்ததும் பிழைத்தன. மாறாக, உடலின் சொந்தப் புரோட்டீன் சி எழவிடாமல் தடுத்தபோது, தாங்கக்கூடிய அளவுக் கிருமியே அவற்றைக் கொன்றது. பலரும் இதை உறைவு நின்றதால் உயிர் தப்பியது என்று படித்தார்கள். அதே டெய்லர் குழு 1991இல் இன்னொன்றைக் காட்டியது. செயலிழக்கச் செய்த பத்தாம் காரணியைக் கொடுத்து உறைவை மட்டும் தடுத்தார்கள். உறைவு நின்றது. ஆனால் அதிர்ச்சி நிலையோ உறுப்புச் சேதமோ நிற்கவில்லை. அந்தக் கட்டுரைக்கு அப்போதே உரிய மரியாதை கிடைத்திருக்க வேண்டும் என்று இன்றும் ஆதங்கப்படுகிறேன். உறைவைத் தடுப்பதைத் தாண்டி ஏ.பி.சி. வேறு ஏதோ செய்கிறது என்பதை அது உரக்கச் சொல்லியிருந்தது.

ஏ.பி.சி.யை மருந்தாக்கியதுதான் ஜைக்ரிஸ். 2001இல் அதை 1,690 நோயாளிகளிடம் சோதித்த பெரிய ஆய்வு வெளியானது. உடல் எடையில் ஒரு கிலோவுக்கு மணிக்கு 24 மைக்ரோகிராம் வீதம் 96 மணி நேரம் நரம்பு வழியே ஏற்றினார்கள். 28 நாட்களில் வெற்றுக்கரைசல் பெற்றவர்களில் 30.8 சதவீதமும் மருந்து பெற்றவர்களில் 24.7 சதவீதமும் இறந்தார்கள். கடும் ரத்தக்கசிவு 2 சதவீதத்திலிருந்து 3.5 சதவீதமாக உயர்ந்தது. ஆய்வின் நடுவே சேர்க்கை விதிகளையும் மருந்து தயாரிக்கும் செல் வரிசையையும் மாற்றியிருந்தார்கள். அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பின் ஆலோசனைக் குழு பத்துக்குப் பத்து என்று பிளவுபட்டது. அந்த ஆண்டு நவம்பரில், மரண ஆபத்து மிகுந்தவர்களுக்கு மட்டும் என்ற நிபந்தனையோடு அனுமதி கிடைத்தது. ஆபத்து குறைந்தவர்களிடம் செய்த அடுத்த ஆய்வில் பலன் இல்லை, குழந்தைகளிடமும் இல்லை. கடைசியாக, செப்சிஸ் அதிர்ச்சியில் இருந்த ஏறத்தாழ 1,700 பேரிடம் மறுபடி சோதித்தபோது மருந்துப் பக்கம் 26.4 சதவீதமும் வெற்றுக்கரைசல் பக்கம் 24.2 சதவீதமும் இறந்தார்கள். புரோட்டீன் சி மிகவும் குறைந்திருந்தவர்களைத் தனியே பிரித்துப் பார்த்தும் பலன் தெரியவில்லை. திரும்பப் பெற்றது சரியான முடிவு. இதில் எனக்கு எந்த மறுப்பும் இல்லை. நோயாளியின் ரத்தம் கசியும் ஆபத்தை ஆராய்ச்சி ஆசைக்காக யாரும் நியாயப்படுத்தக் கூடாது.

ஆனால் அதே ஆண்டுகளில் வெளியான மற்ற முடிவுகளையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஆன்டித்திராம்பின் என்ற இயற்கை உறைவெதிர்ப்பிப் புரதத்தை 2,314 நோயாளிகளிடம் சோதித்து 2001இல் வெளியிட்டார்கள், இறப்பு குறையவில்லை. திசுக்காரணித் தடுப்பான் என்ற இன்னொன்றை 2003இல், அதுவும் பலிக்கவில்லை. உறைவைத் தடுத்தால் செப்சிஸ் நோயாளி பிழைப்பார் என்ற கணக்கே அடிப்படையில் தவறு என்பதற்கு இவ்வளவு சாட்சிகள். ஏ.பி.சி.யையும் அந்த வரிசையில் ஓர் உறைவெதிர்ப்பியாக நிறுத்தியதில்தான் சிக்கல். ரத்தம் கசியும் அபாயம், கொடுக்கும் அளவுக்கு ஒரு மேல்வரம்பு போட்டுவிட்டது.

அது செய்யும் இன்னொரு வேலை 2002இல் வெளிச்சத்துக்கு வந்தது. உட்படலச் செல்லின் மேல் பார்-1 என்ற ஏற்பி இருக்கிறது. அதன் வால் ஒன்று செல்லுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். வாலின் நுனியை ஒரு நொதி வெட்டினால், வெட்டுப்பட்டதும் வெளிப்படும் புதிய முனை மடங்கி அதே ஏற்பியில் போய்ப் பொருந்தி, செல்லுக்குள் செய்தி அனுப்பும். திராம்பின் வெட்டினால் அந்தச் செய்தி, செல்லின் உள்ளெலும்புபோல் இருக்கும் ஆக்டின் இழைகளை இழுத்துச் சுருக்குகிறது. செல்கள் ஒன்றைவிட்டு ஒன்று விலக, இடைவெளி வழியாக நீர் கசிகிறது. ஏ.பி.சி.யும் இதே ஏற்பியைத்தான் வெட்டுகிறது. ஆனால் விளைவு தலைகீழ். ஆக்டின் செல்லின் விளிம்பை ஒட்டி வளையமாக அடுக்கப்பட்டு, அக்கம்பக்கத்துச் செல்களின் பிணைப்பு இறுகுகிறது, கசிவு நிற்கிறது. அழற்சி மரபணுக்களின் ஓட்டம் தணிகிறது, சாகத் துணிந்த செல் பிழைத்துக்கொள்கிறது.

ஒரே ஏற்பி எப்படி இரண்டு விதமாகப் பேச முடியும்? இந்தக் கேள்வி என்னைப் போன்றவர்களைப் பத்து ஆண்டுகள் அரித்தது. விடை 2012இல் வந்தது, மருந்து போன அடுத்த ஆண்டு. திராம்பின் அந்த வாலை 41ஆவது அமினோ அமிலத்தில் வெட்டுகிறது. ஏ.பி.சி. 46ஆவதில் வெட்டுகிறது. ஐந்தே ஐந்து கண்ணி தள்ளி விழும் வெட்டு, வேறு முனையை வெளிப்படுத்துகிறது. ஏற்பி வேறு கூட்டாளிகளை உள்ளே கூப்பிடுகிறது. படலம் கசிவதும் இறுகுவதும் அந்த ஐந்து கண்ணித் தூரத்தில் தீர்மானமாகிறது. இந்த வெட்டு விழ ஏ.பி.சி. தன் ஏற்பியில் அமர்ந்திருக்க வேண்டும் என்பதும் முக்கியம். செப்சிஸில் குறைந்துபோவதாக மேலே சொன்ன அதே ஏற்பி.

2009இல் எஸ்மானின் கூடத்திலிருந்து இன்னொரு வியப்பு. டி.என்.ஏ.வைச் சுருட்டி வைத்திருக்கும் ஹிஸ்டோன் புரதங்கள், செல்கள் சிதையும்போது ரத்தத்தில் கொட்டுகின்றன. கருவுக்குள் சாதுவாக இருப்பவை, வெளியே வந்தால் உட்படலச் செல்களுக்கு நஞ்சு. செப்சிஸ் மரணங்களில் அவற்றுக்குப் பெரும் பங்கு உண்டு என்பதைக் காட்டிய அந்த ஆய்வு, ஏ.பி.சி. ஹிஸ்டோன்களை வெட்டிச் செயலிழக்கச் செய்கிறது என்பதையும் காட்டியது.

வேலைகள் வேறு வேறு என்றால் அவற்றைப் பிரிக்க முடியுமா? லாரன்ட் மோஸ்னியரும் ஜான் கிரிஃபினும் 2004இல் அதைச் செய்தார்கள். ஐந்தாம் காரணியைப் பிடிக்க ஏ.பி.சி. பயன்படுத்தும் இடத்தில் அடுத்தடுத்து லைசின் என்ற அமினோ அமிலம் 3 இருக்கின்றன. அவற்றை அலனின் என்ற வேறு அமினோ அமிலமாக மாற்றினார்கள். 3கே3ஏ என்று பெயர் பெற்ற அந்த வடிவத்துக்கு உறைவைத் தடுக்கும் திறன் பத்தில் ஒரு பங்குக்கும் கீழே போய்விட்டது. செல்லைக் காக்கும் திறன் அப்படியே நின்றது. இதே போக்கில் உருவாக்கிய இன்னொரு வடிவம் 2007இல் எலிகளைச் செப்சிஸ் மரணத்திலிருந்து அசல் ஏ.பி.சி. அளவுக்கே காப்பாற்றியது. எனக்கு மிகவும் பிடித்தது இதன் மறுபாதி. உறைவைத் தடுக்கும் திறனைக் கூட்டி, செல்லைக் காக்கும் திறனை அகற்றிய வடிவத்தை 2009இல் எலிகளுக்குக் கொடுத்தார்கள். அவை பிழைக்கவில்லை. ஒரு புரதத்தின் இரு வேலைகளில் எது உயிரைக் காக்கிறது என்று இதைவிடத் தெளிவாகக் கேட்கவும் முடியாது, பதில் வாங்கவும் முடியாது.

எலி மனிதன் அல்ல என்பதை நான் மறக்கவில்லை. செப்சிஸ் ஆராய்ச்சியில் எலியில் பிழைத்து மனிதரில் தோற்ற மருந்துகளின் வரிசை நீளம். திராம்போமாடுலினையே மருந்தாக்கி ஜப்பான் 2008 முதல் பயன்படுத்துகிறது. ஆனால் உறைவுக் கோளாறுள்ள செப்சிஸ் நோயாளிகள் சுமார் 800 பேரிடம் சோதித்து 2019இல் வெளியான உலக ஆய்வில் இறப்பு மருந்துப் பக்கம் 26.8, வெற்றுக்கரைசல் பக்கம் 29.4 சதவீதம், அந்த வித்தியாசம் தற்செயலாகவும் இருக்கலாம் என்ற அளவில்தான் நின்றது. 3கே3ஏ வடிவத்தை மூளை ரத்தக் குழாய் அடைப்பு வந்த 110 நோயாளிகளிடம் சோதித்த ஆய்வும் அதே ஆண்டில் வந்தது. பாதுகாப்பைப் பார்ப்பதே அதன் முதல் நோக்கம். மூளைக்குள் ரத்தக்கசிவு குறைந்தது போன்ற அறிகுறியும் தெரிந்தது. உறைவெதிர்ப்பி வம்சத்தில் பிறந்த புரதம் கசிவைக் குறைக்கிறது என்றால், அது படலத்தை இறுக்குவதால்தான் இருக்க வேண்டும் என்று நினைக்கிறேன்.

இந்த வடிவத்தைச் செப்சிஸுக்கும் முறையாகச் சோதிக்க வேண்டும். ரத்தம் கசியும் பயம் பெருமளவு நீங்குவதால் முன்பு தொட முடியாத அளவுகளில் கொடுத்துப் பார்க்கலாம். யாரிடம் என்பதிலும் கவனம் வேண்டும். புரோட்டீன் சி அளவை மட்டும் வைத்துத் தேர்ந்தெடுப்பது போதாது என்று முந்தைய ஆய்வு காட்டிவிட்டது. படலத்திலிருந்து அறுந்து ரத்தத்தில் மிதக்கும் திராம்போமாடுலின் துண்டுகளையும் ஹிஸ்டோன்களையும் அளந்து, உட்படலம் சிதைந்துகொண்டிருப்பவர்களை முதல் சில மணி நேரத்திலேயே கண்டுபிடித்துச் சேர்க்க வேண்டும். மருந்து அமர வேண்டிய ஏற்பி அந்த நேரத்தில் சுவரில் எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்பதையும் கணக்கில் எடுக்க வேண்டும். அதற்கான ரத்தமும் எங்களைப் போன்ற ஆய்வகங்களுக்கு அந்த நீல மூடிக் குழாய்களில் ஏற்கெனவே வந்துகொண்டுதான் இருக்கிறது.